ரேகை வைத்துவிட்டுக் காத்திருக்கவும்

வேலை கிடைக்கும்வரை பொழுதை எப்படிப் பயனுள்ளதாகக் கழிப்பது என்று சொல்லித் தர நாட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எழுந்ததும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். மூச்சுப் பயிற்சி பண்ண வேண்டுமாம். புதிதாக ஒரு மொழி கற்க வேண்டும், ஜெர்மன் என்றால் உத்தமம். நாட்குறிப்பு எழுத வேண்டும். பெற்றோருடன் மனம்விட்டுப் பேச வேண்டும். மாடியில் கீரைத்தொட்டி வைக்க வேண்டும் (அதற்கு முதலில் மாடி வேண்டும்). பேப்பரிலும் டிவியிலும் யூடியூபிலும் இந்த அருள்வாக்கு சொல்கிற அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு தகுதி உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும்.

அவர்களில் ஒருவரைக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிவந்து காட்ட எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மதுரையிலிருந்து தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை வந்து இடதுபக்கம் திரும்பினால் சமணமலை தெரியும். அடிவாரத்தில் அய்யனார் கோயில், பக்கத்தில் தாமரைக் குளம், கரையில் ஆலமரம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்களுக்கு அது சுற்றுலாத் தலம். மற்ற ஆறு நாளும் அது எங்கள் பட்டதாரிகளின் ஆபீஸ். மெக்கானிக்கல் முடித்தவனுக்கு ஒரு வேர், பி.காம். முடித்தவனுக்கு ஒரு வேர். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர் சீனியர் என்பதால் அவருக்குத் திண்டு. ஆளுக்கொரு கைடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு செல்போன் சார்ஜர்.

மலையின் மேல் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே துறவிகள் இருந்தார்கள். காலையில் எழுந்து வேலைக்கு ஓடவில்லை. ஊரார் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் பாறையில் உட்கார்ந்து சிந்தித்தார்கள். சிற்பங்களைச் செய்வித்தவர்களின் பெயர்களை வட்டெழுத்தில் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறை அதையெல்லாம் பத்திரமாகப் பாதுகாக்கிறது. அதே மலையடியில், அதே போலப் பிறர் போடும் சோற்றைத் தின்றுவிட்டு எங்கள் பையன் உட்கார்ந்தால் அவனுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் வெட்டிப்பயல்.

அவன் வெட்டியாகவா இருக்கிறான்? வேலைக்குப் போகாத பிள்ளை ஒருவன் இருந்தால் அந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் சம்பளமில்லாத ஆள் ஒருவன் கிடைத்துவிடுகிறான். தண்ணீர் வருகிற நேரத்தில் மோட்டார் போட அவன். சிலிண்டர் எடுக்க அவன். சித்தப்பாவின் வில்லங்கச் சான்றுக்குச் சார்பதிவாளர் ஆபீஸில் கால் கடுக்க நிற்க அவன். சொந்தத்தில் யாருக்காவது முடியவில்லை என்றால் பெரியாஸ்பத்திரியில் ராத்திரி படுக்க அவன். காதுகுத்துக்கு மொய் எழுத அவன். மொய் நோட்டில் ஒரு லட்சத்தைத் தாண்டிக் கூட்டிக் கணக்கு ஒப்படைத்துவிட்டு, கைச்செலவுக்கு இருபது ரூபாய் கேட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து நிற்பதும் அவன்தான்.

“நீ சும்மாத்தானப்பா இருக்க, அப்பத்தாவ ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு.”

கூட்டிப் போவான். அங்கே மெஷின் இருக்கிறது, விரல் வைக்க வேண்டும். காலமெல்லாம் நாற்று நட்டும் களை பறித்தும் அப்பத்தாவின் விரலில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. மெஷின் சிவப்பாக மின்னும். “சேலையில தொடச்சிட்டு வையாத்தா,” என்பார் விற்பனையாளர். துடைத்து வைப்பாள். சிவப்பு. “தலையில தேய்ச்சிட்டு வையாத்தா, எண்ணெய்ப் பிசுக்குக்குப் பிடிக்கும்.” தேய்த்து வைப்பாள். சிவப்பு. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்க, பேரன் தன் விரலை வைப்பான். பச்சை. பாடுபட்ட விரலை மெஷினுக்குத் தெரியவில்லை. கைடு புரட்டுகிற விரலை உடனே தெரிந்துகொள்கிறது.

இந்த ஊருக்கும் ரேகைக்கும் பழைய பகை உண்டு. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்கள் மீது அது முதலில் பாய்ந்தது 1914-ல், இந்தக் கீழக்குயில்குடியில். எங்கோ யாரோ செய்த களவுக்கு ஒரு சமூகத்தின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ராத்திரியானால் பொண்டாட்டி பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஜனங்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர் வைத்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 உயிர்கள் போயின. 1947-ல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது.

இதெல்லாம் ஆலமரத்தடிப் பையனுக்குத் தெரியும். கைடில் ஒரு வரியாக இருக்கிறது. “குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவரப்பட்ட ஆண்டு?” நாலு விடையில் 1871-க்கு நேரே வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அவனுடைய பூட்டன் ராத்திரி எங்கே படுத்தான் என்பது சிலபஸில் இல்லை.

அந்த விடைத்தாளிலும் ரேகை இருக்கிறது. 2019 செப்டம்பரில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் மறைகிற மையால் எழுதி, பிறகு விடையை மாற்றி, முதல் நூறு இடங்களில் கூட்டமாக ஏறி உட்கார்ந்தார்கள். புரோக்கரும் பணமும் உள்ளாளும் சேர்ந்து செய்த திருட்டு. 99 பேருக்குத் தேர்வாணையம் ஆயுள்தடை போட்டது, சரி. அதற்கப்புறம் வந்த சீர்திருத்தம், பரீட்சை எழுதுகிற லட்சோபலட்சம் பேரும் விடைத்தாளில் இடதுகைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்பது. வெள்ளைக்காரன் சட்டமும் இதுவும் ஒன்று என்று சொல்ல நான் கிறுக்கன் இல்லை. அது மனுசனைப் பட்டியில் அடைத்தது. இது பரீட்சை ஹாலின் ஒழுங்கு. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரேகை வாங்கிய வெள்ளைக்காரன் அன்று ராத்திரியே ஆளைக் காணோம் என்று தேடி வருவான். இவர்கள் ரேகையை வாங்கி வைத்துக்கொண்டால் ஆள் இருக்கிறானா செத்தானா என்று மாதக்கணக்கில் கேட்பாரில்லை.

2022 ஜூலை 24 அன்று குரூப் 4 நடந்தது. முதலில் அறிவித்தது 7,301 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அக்டோபரில் முடிவு என்றார்கள். அக்டோபர் டிசம்பரானது, டிசம்பர் பிப்ரவரியானது. கடைசியில் 2023 மார்ச் 24 அன்று, சரியாக எட்டு மாதம் முடிந்து வந்தது. முடிவைக் கொடுங்கள் என்று பிள்ளைகள் ட்விட்டரில் கத்தி, அதை இந்திய அளவில் டிரெண்டாக்க வேண்டியிருந்தது. 2022 மே மாதம் முதல்நிலைத் தேர்வு எழுதிய குரூப் 2 பிள்ளைகள் முதன்மைத் தேர்வு எழுதியது 2023 பிப்ரவரியில். அன்றைக்கு வினாத்தாளில் பதிவெண் மாறிப் போய் ஹாலுக்கு ஹால் குளறுபடி. அதன் முடிவு 2024 ஜனவரியில். இப்போது வேகம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. 2024 ஜூனில் எழுதிய குரூப் 4-க்கு அக்டோபரிலேயே முடிவு வந்தது. ஆனால் அப்போது 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேர். 2025-ல் 3,935 இடங்களுக்கு 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல். கீழக்குயில்குடி மாதிரி நாலு ஊர்ப் பட்டதாரிகளைத் திரட்டி நிறுத்தி, அதில் ஒருத்தனைக் கூப்பிட்டு, மற்றவர்களைப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள்.

விடைத்தாளில் நான்கு விடைகள் போக ஐந்தாவதாக ஒரு வட்டமும் இருக்கிறது. விடை தெரியவில்லை என்றால் அதைக் கறுப்பாக்க வேண்டும். எத்தனை கேள்விக்குத் தெரியவில்லை என்று கடைசியில் எண்ணியும் எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. இதைத் தேர்வாணையமும் அரசும் தங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். காலிப் பணியிடங்கள் மொத்தம் எத்தனை? ஐந்தாவது வட்டம். 2021 தேர்தலில் தி.மு.க. நிரப்புவதாகச் சொன்ன மூன்றரை லட்சம் பணியிடங்கள் எங்கே? ஐந்தாவது வட்டம். அதே தேர்தலில் அ.தி.மு.க. வீட்டுக்கு ஒருவருக்கு அரசு வேலை என்றதே, அந்தக் கணக்கை யார் போட்டார்கள்? அதற்கும் ஐந்தாவது. பக்கோடா விற்று 200 ரூபாயோடு ஒருவன் வீட்டுக்குப் போனால் அதுவும் வேலைதானே என்று 2018-ல் பிரதமர் கேட்டாரே, அடுப்புக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் முதல் யார் போடுவது? கறுப்பாக்கிக் கறுப்பாக்கிப் பேனாவில் மை தீர்ந்துவிடும்.

ஊருக்குப் பக்கத்திலேயே வடபழஞ்சியில் ஐ.டி. பூங்கா இருக்கிறது. கொரோனா காலத்தில் அங்கே கட்டில் போட்டு நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். அதுவரை அந்தக் கட்டிடத்துக்குள் அத்தனை பேர் போய் வந்து ஊர் பார்த்ததில்லை. கொஞ்ச தூரம் தள்ளி தோப்பூரில் எய்ம்ஸ். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். அதில் வார்டுபாய் வேலையாவது கிடைக்கும் என்று அன்றைக்குக் காத்திருந்த பையனுக்கு இப்போது முன்நெற்றி ஏறிவிட்டது.

சரி, பிள்ளைகளுக்கு அரசு ஒன்றுமே தரவில்லையா? தருகிறது. வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை என்று ஒன்று உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பத்தாம் வகுப்புத் தேறினால் 300, தேறாவிட்டால் 200. பட்டதாரிக்கு நாளைக்கு 20 ரூபாய் ஆகிறது. நாகமலைப் புதுக்கோட்டை விலக்கில் ஒரு டீயும் அரை வடையும். சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஓடியிருக்க வேண்டும். அதாவது, ஐந்து வருஷம் ஒழுங்காக வேலையில்லாமல் இருந்த அனுபவம் கேட்கிறார்கள். கம்பெனிக்காரன் மூன்று வருஷ அனுபவம் கேட்கிறான் என்று நாம் அவனைத் திட்டுகிறோம்.

அடுத்த நிபந்தனை இன்னும் அழகு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 6,000. அப்பா ஏதாவது ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாக ராத்திரியெல்லாம் நின்று பத்தாயிரம் சம்பாதித்தால் போச்சு. மகனுக்கு 20 ரூபாய் கிடைக்க வேண்டுமென்றால் அப்பாவும் ஆலமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். இத்தனைக்கும் தப்பி விண்ணப்பம் தேறினால் மூன்று வருஷம் கொடுப்பார்கள். அதற்கப்புறம் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டதாகக் கணக்கா, வயிறு நின்றுவிட்டதாகக் கணக்கா, தெரியாது.

அப்படியானால் அவனுக்குச் சோறு போடுகிறது யார்? இதை ஒருத்தரும் கேட்பதில்லை. அம்மா போடுகிறாள். 100 நாள் வேலைக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போகிறாள். 2025-26-ல் அதற்கு நாள்கூலி 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். அறிவித்தது முழுசாகக் கைக்கு வந்தால் அன்றைக்குத் திருவிழா. காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ எடுத்து ஆள் நிற்கிறாளா என்று ஆப்பில் ஏற்றுகிறார்கள். 2025 தொடக்கத்தில் அந்தக் கூலியும் மாதக்கணக்கில் வராமல் நின்றது. மாநிலம் ஒன்றியத்தைக் கை காட்டியது, ஒன்றியம் கணக்குக் கேட்டது. சாயங்காலம் அவள் கால் கழுவிவிட்டு உள்ளே வரும்போது மகன் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். “மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு 2005.” அவளுக்கு அந்த ஆண்டு தெரியாது. இடுப்பு வலி தெரியும்.

தேர்வாணையம் ஒரு முடிவை எட்டு மாதம் பெட்டியில் வைத்துக்கொள்ள முடிகிறது என்றால், அந்த எட்டு மாதமும் பிள்ளைக்குச் சோறு போட ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியம்தான். கம்பெனிக்காரர்களுக்கும் அதே தைரியம். 2022-ல் இன்ஃபோசிஸ் வேலைக்கான கடிதம் கொடுத்த ஏறக்குறைய 2,000 பேர், ஐ.டி. ஊழியர் சங்கம் மத்திய அரசுவரை புகார் கொண்டுபோகிற வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 2024 கடைசியில் சேர்த்துக்கொண்டவர்களில் 300 பேருக்கு மேல் உள்தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு வருஷ மெஸ் பில்லை எந்த கம்பெனி கட்டியது? அதே கம்பெனியை நிறுவிய நாராயண மூர்த்திதான் 2023-ல் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் அதை 90 ஆக்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பொண்டாட்டி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். ஐயா, எங்கள் ஆலமரத்தடியில் 90 மணி நேரத்துக்கும் ஆள் இருக்கிறது. அவர்கள் முகம் பார்க்கப் பொண்டாட்டியும் இல்லை. வேலை இல்லாதவனுக்கு இந்தச் சீமையில் எவன் பெண் கொடுப்பான்?

பையனுக்காவது ஆலமரம். பட்டம் வாங்கிய பெண்பிள்ளைக்கு அதுவும் கிடையாது. அவள் வேலை தேடுகிறாள் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்பார்கள். அதுவரை அவளுடைய நேரம் மாவரைக்க, அண்ணன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்க. மகளிர் இலவசப் பஸ் வந்ததில் ஒரு நல்லது நடந்தது. இரண்டு பஸ் மாறி நத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் காசில்லாமல் போய்வர முடிகிறது. 2023 ஜூலையில் திறந்த அந்தக் கட்டிடம் மெய்யாகவே நல்ல கட்டிடம். போட்டித் தேர்வுப் பிரிவில் காலையிலேயே போனால்தான் நாற்காலி. காத்திருப்பதற்கு இப்படி ஒரு குளிர்ச்சியான இடத்தைக் கட்டத் தெரிந்த அரசுக்கு, அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போக ஒரு வழி கட்டத் தெரியவில்லை.

படிக்காமல் இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. இது கிழவிகள் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லி மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை சொல்கிறது. 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 3.4 சதவீதம், பட்டதாரிகளில் 29.1 சதவீதம். கல்விக் கடன் வாங்கி, அம்மாவின் தோட்டை அடகு வைத்து, நாலு வருஷம் கல்லூரிப் பஸ்ஸில் போய்வந்து, வேலை கிடைக்காமல் இருக்கிற வாய்ப்பை எட்டு மடங்குக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

கல்யாண வீட்டில் மாமா வந்து தோளில் கை போடுவார். “என்ன மாப்ள, இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?”

“ஆமா மாமா, குரூப் 4-க்கு.”

“போன வருசமும் அதத்தானப்பா சொன்ன.”

போன வருஷமும் அதே பரீட்சைதான் மாமா. குரூப் 4-ல் பல பணிகளுக்குப் பட்டதாரியாக இருக்கிற பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், பட்டியல் சாதியினருக்கு மேல்வயது வரம்பே கிடையாது. அப்பனும் மகனும் ஒரே ஹாலில் உட்கார்ந்து எழுதலாம். இதைச் சலுகை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போலீஸ் வேலைக்குத்தான் வயசு பார்ப்பார்கள். அதற்குத்தான் விடியற்காலையில் எங்கள் பையன்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் முடிக்க மலையைச் சுற்றி ஓடுகிறார்கள். பூட்டன் ராத்திரி போலீஸுக்குப் பயந்து ஓடிய அதே பாதையில் கொள்ளுப்பேரன் போலீஸாக ஓடுகிறான், வயசு தாண்டுவதற்குள்.

புத்திமதி சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பையன்களுடைய பொழுதை என்ன செய்வது என்று இனி அவர்களிடம் சொல்லாதீர்கள். அந்தப் பொழுதை எடுத்து வைத்திருக்கிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். அறிவிக்கை போடும்போது தேர்வுத் தேதி மாதிரியே முடிவுத் தேதியையும் பணி ஆணைத் தேதியையும் கட்டாயமாக்கட்டும். உதவித்தொகைக்கு ஐந்து வருஷ அனுபவம் கேட்பதை நிறுத்தட்டும். முடிவு தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதத்துக்கும், பரீட்சை எழுதியவன் வீட்டுக்கு அந்த மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் காசைத் தேர்வாணையம் கட்டட்டும். பில் எழுதி அனுப்ப கீழக்குயில்குடி அம்மாக்களுக்குத் தெரியும். கையெழுத்து வராதவர்கள் ரேகை வைப்பார்கள்.